கவிஞரின் மனைவிக்காக நான் பேசிய கதை

மகளின் மாமனார் தொலைபேசியில் அழைத்தபோது நான் அரிசி கழுவிக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்தில் அவருடைய ஸ்கொட்லாந்து ஆங்கிலம் பாதி காதில் விழவில்லை. மரியாதைக்கு “யெஸ், யெஸ்” என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்கு ஒப்புக்கொண்டேன் என்பது மறுநாள் மகள் வந்த பிறகுதான் தெரிந்தது.

“அம்மா, நீங்கள் ஸ்பீச் குடுக்க ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள்.”

“என்ன ஸ்பீச்?”

“அவையின்ர கவிஞரின்ர பிறந்தநாள் விருந்துக்கு. மாமா எழும்பிப் பெண்களைப் பற்றிப் பகிடியாக் கதைப்பார். பிறகு பெண்கள் பக்கத்தால ஒராள் எழும்பி அவருக்குப் பதில் குடுக்கவேணும். அதுதான் வழக்கம். இந்த முறை நீங்கள்.”

“எனக்கு ஏலாது பிள்ளை.”

“மாமா எல்லாருக்கும் சொல்லிப்போட்டார்.”

மகள் அவர்களுடைய மகனை மணந்து ஓராண்டுகூட ஆகவில்லை. சம்பந்திகள் நல்ல மனிதர்கள். ஆனால் எங்களுக்கிடையில் மழையையும் தேநீரையும் தாண்டி எந்தக் கதையும் போனதில்லை. சம்பந்தியம்மா அதையும் புன்னகையாலேயே பேசிவிடுவார். இப்போது விருந்தை லண்டனில், நோர்பரியில் இருக்கும் எங்கள் வீட்டில் வைக்க வருகிறார்கள். அந்த ஆண்டு பிறந்தநாள் வெள்ளிக்கிழமையில் வந்தது. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் சமைப்பதில்லை என்று கேள்விப்பட்டதும் சம்பந்தி விருந்தைச் சனிக்கு மாற்றிவிட்டார். தன் கவிஞருடைய பிறந்தநாளையே எங்களுக்காகத் தள்ளிவைத்தவரிடம் நான் எப்படி ஏலாது என்று சொல்வது?

நூலகத்திலிருந்து, இருநூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த அந்த ஸ்கொட்லாந்துக் கவிஞரின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துவந்தேன். மிட்சம் என்கிற பக்கத்து ஊரில் நான் வேலைசெய்யும் மருந்துக்கடைக்குப் போகும் பஸ்ஸில் வாசிப்பேன். குத்தகை நிலத்தில் ஏர் பிடித்த குடியானவரின் மகன். தானும் உழுதவர். உழுதபடியே பாட்டுக் கட்டியவர். பிறகு சாராயத்துக்கு வரி வாங்கும் அரசாங்க உத்தியோகம் பார்த்தாராம், தானும் நன்றாகக் குடித்துக்கொண்டே. ஒவ்வொரு புதுவருடமும் உலகம் முழுக்கக் கைகோத்துப் பாடுகிற பாட்டு அவருடையது. நாங்களும் தொலைக்காட்சியோடு சேர்ந்து வாயசைப்போம். யாருடையது என்று ஒருநாளும் கேட்டதில்லை. நாற்பது வயதைக் காணாமலே செத்துப்போனார்.

அதற்குள் எத்தனை காதல். ஒரு பக்கத்தில் ஒருத்திக்காக உருகுவார், பக்கத்தைத் திருப்பினால் வேறொருத்தி. “ஐயோ கடவுளே, இன்னொண்டோ” என்று பஸ்ஸில் வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்தவர் தன் பையை மடிக்கு எடுத்துக்கொண்டார். இரண்டு தரம் இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டேன். அவருடைய மனைவியின் கதைக்கு வந்தபோதுதான் சிரிப்பு நின்றது. கணவனுக்கு வேறொருத்தியிடம் பிறந்த பிள்ளையைத் தன் பிள்ளைகளோடு சேர்த்து வளர்த்தவள் அவள். அவரைப் புதைத்த அன்றைக்கே அவருடைய கடைசிப் பிள்ளையைப் பெற்றவள். யாருக்காகப் பேசுவது என்று அன்று முடிவெடுத்தேன். ஒரு தாளில் எழுதினேன், மகளிடம் ஆங்கிலத்தைத் திருத்தி வாங்கினேன், குளியலறையில் பேசிப் பார்த்தேன்.

சனிக்கிழமை எங்கள் இரண்டு அறைகளுக்கும் நடுவிலுள்ள கதவைக் கழற்றி மேசைகளைச் சேர்த்துப் போட்டோம். சம்பந்தி, ஸ்கொட்லாந்து ஆண்கள் விசேஷத்துக்கு உடுக்கும் கட்டம் போட்ட பாவாடையில் வந்து இறங்கினார். விருந்தின் நாயகன் ஹகிஸ். ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் நறுக்கி, ஓட்ஸும் மிளகும் சேர்த்து, இரைப்பையில் அடைத்து அவிக்கிற சாமான். குடல்கறி சாப்பிட்டு வளர்ந்த எங்கள் ஆட்களுக்கு அதில் பயப்பட ஒன்றுமில்லை. அதை ஊர்வலமாகக் கொண்டுவரும் வேலை என் கணவருக்குக் கிடைத்தது. அவர் பஸ் ஓட்டுநர். கல்யாணத்துக்குப் பொன்னுருக்கும் சடங்குத் தட்டைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் ஏந்தி, மருமகனின் கைத்தொலைபேசி ஊதிய பைக்குழல் இசைக்கு அடியெடுத்து வைத்தார். முகத்தில் அப்படியொரு பக்தி. எனக்கு அங்கேயே சிரிப்பு முட்டத் தொடங்கிவிட்டது.

ஹகிஸைப் பார்த்தே ஒரு பாட்டுச் சொல்லவேண்டும். அதன் நடுவில் கத்தியை இறக்கவேண்டும். சம்பந்தி ஆவேசம் வந்தவர்போலக் கத்தியை ஓங்கி இறக்கினார். உள்ளே இருந்த சூட்டுக் கொழுப்பு பீறிட்டு வந்தது. பாதி என் கணவரின் வெள்ளைச் சேட்டில். மீதி என் கையிலிருந்த பேச்சுத் தாளில். மை கரைந்து ஓடியது. துடைக்கப் போனேன், தாள் இரண்டாகக் கிழிந்துவிட்டது.

“இப்ப என்னப்பா செய்யிறது?” என்று கணவரின் காதில் கேட்டேன்.

“எனக்கு ஏசுறதுக்கு நீர் எப்ப தாள் பார்த்தனீர்?” என்றார் சேட்டைத் துடைத்தபடி.

சாப்பாடு முடிந்து சம்பந்தி எழும்பினார். பெண்கள் இல்லாவிட்டால் ஆண்கள் உருளைக்கிழங்கு என்று நினைத்துக் காலுறையை அவித்துச் சாப்பிடுவார்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்துத் தலைசாய்த்தார்.

எழும்பினேன். எழுதியதில் ஒரு சொல்லும் நினைவில் இல்லை. வந்த ஆங்கிலத்தில் தொடங்கினேன்.

“உங்கள் கவிஞர் மிக இளகிய மனசுக்காரர். உழும்போது எலியின் கூடு உடைந்துவிட்டது என்று அந்த எலிக்கே கவலைப்பட்டுப் பாடியிருக்கிறார். என் கணவரும் அப்படித்தான். போன கோடையில் புல் வெட்டும்போது ஒரு தவளை குறுக்கே வந்தது. மெசினை நிறுத்தி, குனிந்து, ‘மன்னிச்சுக்கொள்ளடா தம்பி’ என்று அதனிடம் சொன்னார்.” தவளையிடம் சொன்னதைத் தமிழிலேயே சொன்னேன். மகள் மொழிபெயர்க்க முயன்று, முடியாமல், மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“கல்யாணம் கட்டி இவ்வளவு காலத்தில் எனக்கு அப்படி ஒரு மன்னிப்புக் கிடைக்கவில்லை. கவிஞர் தன் மனைவியைப் பற்றியும் அழகாகப் பாடியிருக்கிறார், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் எலிக்கு இரங்கியதுபோல அவளுக்கு இரங்கினாரா என்று புத்தகம் முழுக்கத் தேடினேன். என் கண்ணில் படவில்லை. அவர் பாட்டுக் கட்டினார். அவள் வீட்டைக் கட்டிக்காத்தாள். ஆகவே இன்றைக்கு அவளுக்காகக் கிளாசைத் தூக்குவோம்.”

விருந்தைக் கெடுத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அப்போது மேசையின் மறுகோடியில் ஒரு பெரிய சிரிப்பு வெடித்தது. சம்பந்தியம்மா. கண்ணில் நீர் வழிய, மூச்சு வாங்க, மேசையில் அடித்து அடித்துச் சிரித்தார். நாற்காலியைத் தள்ளி எழும்பிக் கிளாசை உயர்த்தினார்.

“எத்தனை வருசமாக இந்த விருந்தில் இருக்கிறேன்,” என்றார். “இப்போதுதான் ஒருவர் அந்த மனுசியைப் பற்றிக் கதைக்கிறார்.”

சம்பந்தி பாவாடையைச் சரிசெய்துகொண்டு மனைவியைப் பார்த்தார். “நானும் ஏதாவது மன்னிப்புக் கேட்கவேண்டுமா?” என்றார்.

“இருங்கள், யோசித்துச் சொல்கிறேன்,” என்றார் அவர்.

பிறகு பாட்டைப் போட்டார்கள். சம்பந்தியம்மா மேசையைச் சுற்றி வந்து என்னை இழுத்துக்கொண்டு ஆடினார். சேலையோடு அவருடைய நாட்டு ஆட்டம் எனக்கு எப்படி வரும்? வந்தது. கைகோத்துச் சுழன்றோம், சோபாவில் முட்டினோம், மறுபக்கம் சுழன்றோம். சுவர், விளக்கு, கொழுப்புச் சேட்டோடு கைதட்டிய என் கணவர், எல்லாம் சேர்ந்து சுற்றின. நான் குடித்தது வெறும் தோடம்பழச் சாறுதான்.

அதன்பின் சம்பந்தியம்மா ஞாயிறுதோறும் எனக்குத் தொலைபேசி எடுக்கிறார். மழையைப் பற்றிக் கதைக்க நேரம் கிடைப்பதில்லை. வசந்தத்தில் நாங்கள் இருவர் மட்டும் ரயிலேறி, கவிஞரின் மனைவிக்குச் சிலை வைத்திருக்கிற ஸ்கொட்லாந்துப் பட்டணத்துக்குப் போனோம். சிலைக்கு முன்னால் குளிரில் நின்று ஒரே பொட்டலத்தில் சிப்ஸ் சாப்பிட்டோம். பாதியில் என் கணவர் அழைத்து, பருப்புக்கு எவ்வளவு தண்ணீர் விடுவது என்று கேட்டார். அதைச் சம்பந்தியம்மாவுக்குச் சொன்னேன். இரண்டு பேரும் வாயில் சிப்ஸை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.