இரண்டு கிலோ நூற்று நாற்பது கிராம்

என் வீட்டுக்காரர் நல்லதம்பி, கேஸ் சிலிண்டர் வந்தால் சும்மா வாங்கி உள்ளே வைக்க மாட்டார். வாசலில் தராசைப் போட்டு, நிறுத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. அதனாலேயே தெருவில் எல்லா வீட்டுக்கும் இறக்கிவிட்டு எங்கள் வீட்டுக்குக் கடைசியாக வருவான் சிலிண்டர் போடுகிற ஆள். கல்யாணமான புதிதில் எனக்கு மானம் போகும். இப்போது பழகிவிட்டது. கோபம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தொழில் அப்படி. தென்காசியில் எலக்ட்ரானிக் தராசு ரிப்பேர் செய்கிறவர். குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் பழக்கடை, சிப்ஸ் கடை, அல்வாக் கடை என்று பாதித் தராசு இவர் கைக்கு வந்துதான் போகும். தட்டுக்கு அடியில் காந்தம் ஒட்டியவன் யார், உள்ளே செட்டிங்கை மாற்றிக் கிலோவுக்கு ஐம்பது கிராம் விழுங்கியவன் யார் என்று எல்லாம் தெரியும். இரும்புக் கல் வைத்து நிறுத்த காலத்தில் கல்லுக்கு அடியில் ஈயத்தைச் சுரண்டியவர்களின் பேரப்பிள்ளைகளைக்கூட இன்றைக்கும் நம்ப மாட்டார்.

கொடுமை என்னவென்றால், அவர் சந்தேகம் பாதி நேரம் சரியாக இருந்துவிடும். எங்கள் மகள் கிருபா பிறந்தபோது நர்ஸம்மா இரண்டு கிலோ அறுநூற்று எண்பது என்று எழுதினார்கள். இவர் கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, கூட இருக்கும் என்றார். கடைக்கு ஓடிப்போய் முத்திரை போட்ட கற்களை எடுத்துவந்து ஆஸ்பத்திரித் தராசையே சோதித்தார். அறுபது கிராம் குறைத்துத்தான் காட்டியது. என் பிள்ளையில் அறுபது கிராமைக் களவாண்டுவிட்டார்கள் என்று வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அன்றிலிருந்து அவரைப் பிடிக்க முடியவில்லை.

கிருபாவுக்கு இப்போது இருபத்திரண்டு வயது. கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்து முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். சின்ன வயதிலிருந்தே கேம் பைத்தியம். ஆனால் மற்ற பிள்ளைகள் எதிரியைத் தேடிச் சுட்டுக்கொண்டிருக்கும்போது இவள் சுவர் சுவராக முட்டிக்கொண்டிருப்பாள். எந்தச் சுவரில் ஆள் உள்ளே புகுந்துவிடுகிறான், எந்தக் கதவு திறக்காமல் மாட்டிக்கொள்கிறது என்று பார்ப்பாள். அப்படிக் கண்டுபிடித்த பிழைகளை எழுதி, அந்தக் கேமைத் தயாரித்த சென்னைக் கம்பெனிக்கே அனுப்பினாள். அவர்கள் கூப்பிட்டு, இதையே வேலையாகச் செய்கிறாயா என்று கேட்டார்கள். வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே ஒரு நிபந்தனை. கேம் ஓடுகிற கம்ப்யூட்டர் சொந்தமாக இருக்க வேண்டும், வருகிற திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதில் உட்கார வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

விளையாடுவதற்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்று இவர் ஆரம்பித்தார். கம்பெனி மேனேஜருக்கு வீடியோ கால் போட்டு, மாடியிலிருந்து இறங்கிப்போய் வாசலில் இருக்கும் போர்டைக் காட்டச் சொன்னார். அந்த மனிதர் பாவம், காட்டினார். கிருபா முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். நான் பயந்தது வேலையை நினைத்து மட்டும் இல்லை. இதையும் இவர் கெடுத்துவிட்டால் இனி எதற்கும் அவள் எங்களிடம் வந்து நிற்க மாட்டாள் என்றுதான்.

எப்படியோ போர்டைப் பார்த்ததும் சமாதானமாகிவிட்டார். சனிக்கிழமை மூவரும் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கிங்ஸ்லியின் கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கிங்ஸ்லி எங்கள் சபைப் பையன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. இவர் கையில் தராசு. கிருபா கையில் லிஸ்ட்டு. பிராசசர், மதர்போர்டு, ரேம் என்று வரிசையாக எழுதியிருந்தாள். விலை கட்டுப்படியாகும்படி கிராபிக்ஸ் கார்டு மட்டும் பழையது. அதை இவர் வெயிலில் பிடித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஒவ்வொரு ஸ்குரூவாகத் துரு இருக்கிறதா என்று பார்த்தார். சாரல் பட்ட சாமான் என்றால் ஸ்குரூ காட்டிக்கொடுத்துவிடும் என்பது அவர் கணக்கு. துரு இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிரச்சினை எஸ்எம்பிஎஸ்ஸில் வந்தது. கம்ப்யூட்டருக்குள் எல்லாவற்றுக்கும் கரண்டைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டி அது. நல்லதாக இருந்தால் உள்ளே செம்பு இருக்கும், செம்பு இருந்தால் கனக்கும் என்று யாரோ டிவி மெக்கானிக் இவரிடம் சொல்லியிருக்கிறார். கிருபா எழுதியிருந்ததைத் தராசில் வைத்தார். ஆயிரத்து ஐநூற்று நாற்பது கிராம். கடை மூலையில் கிடந்த பழைய செத்த பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார். அது ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சம். புதிதில் செம்பைக் குறைத்துவிட்டான் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

பழையதில் கம்பி சுற்றிய பெரிய காயில் இருக்கும், அதனால் கனம், இதற்கு ஐந்து வருடம் வாரண்டி என்று கிங்ஸ்லி பொறுமையாகத்தான் விளக்கினான். கிருபாவும் கெஞ்சினாள்.

"வேற எதுல வேணும்னாலும் மிச்சம் பிடிங்கப்பா. இதுல மட்டும் கை வைக்காதீங்க."

அப்போதுதான் லிஸ்ட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் கிங்ஸ்லி கடையின் பெயர் அச்சடித்திருந்தது. கடையின் பில் தாள்.

"இது யாரு போட்ட லிஸ்ட்டு? நீயா, இவனா?"

"நான்தாம்ப்பா."

"பெறகு இவன் கடைத் தாளு எப்பிடிட்டி உன் கைக்கு வந்துச்சு?"

கடைக்காரன் கமிஷன் வைத்து எழுதிக் கொடுத்திருப்பானோ என்பது மட்டுமல்ல அந்தக் கேள்வி. அவர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்த பார்வையில் மிச்சமும் இருந்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கிங்ஸ்லி தலையைக் குனிந்துகொண்டு பில் போட ஆரம்பித்தான். கிருபா வெளியே போய் பைக் பக்கத்தில் நின்றுகொண்டாள். எஸ்எம்பிஎஸ்ஸைத் தவிர மற்றதை எல்லாம் வாங்கிக்கொண்டு வந்தோம்.

சாயங்காலம் தராசோடு இவர் மட்டும் குற்றாலத்துக்குப் போனார். அங்கே பென்னி என்று ஒரு சீசன் கடைக்காரன், கேரளாவிலிருந்து வருகிறவன். ஒரு பக்கம் முந்திரியும் சிப்ஸும், இன்னொரு பக்கம் எங்கோ மூடிப்போன கடையின் எலக்ட்ரானிக் சாமான். இத்தனை வருடத்தில் ஒரு கிராம்கூட ஏய்க்காத தராசு அவனுடையது ஒன்றுதானாம். தராசு சரியாக இருந்ததால் ஆளையும் சேர்த்து நம்பிவிட்டார். ஊரையே நம்பாதவர் நம்பிய ஒரே ஆள். அவனிடம் இருந்த நான்கு எஸ்எம்பிஎஸ்ஸையும் நிறுத்து, இருப்பதிலேயே கனமானதைப் பொறுக்கிக்கொண்டு, சாரலில் நனைந்தபடி வந்து சேர்ந்தார்.

"ரெண்டு கிலோ நூத்தி நாப்பது," என்று மேசையில் வைத்தார். பேறு பார்த்த டாக்டரம்மா மாதிரி ஒரு முகம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கிருபா சாப்பாட்டு மேசையில் துணி விரித்து எல்லாவற்றையும் பூட்ட ஆரம்பித்தாள். முந்தின நாளிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசியாக அந்தப் பெட்டியை எடுத்தாள். காதருகே வைத்து மெல்ல ஆட்டினாள். ரிப்பேருக்கு வந்த தராசைக் கையில் வாங்கியதும் அவர் செய்வாரே, அச்சு அசல் அதே ஆட்டல்.

"உள்ள என்னமோ ஆடுது."

"புது சாமான்ல ஒண்ணும் ஆடாது. மாட்டு."

"நான் மாட்ட மாட்டேன். இது போச்சுன்னா எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டுப் போயிரும். கழட்டிப் பாக்கணும்."

அவர் கையை நீட்டித் தடுத்தார். ஸ்குரூவின் மேல் ஒரு சீல் ஒட்டியிருந்தது. சீலை உடைத்தால் திருப்பிக் கொடுக்க முடியாது. அவருக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஒருவன் வைத்த சீலை இன்னொருவன் தொடக் கூடாது. தராசுத் தொழிலில் அதுதான் சத்தியம். அப்பாவும் மகளும் பெட்டியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு பேருக்கு நடுவில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அவருடைய பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்து சீலின் நடுவில் ஒரு குத்துக் குத்தினேன்.

"சீலு போச்சு. இனி கழட்டலாம்லா?"

கிருபா கழற்றினாள். விசிறி, வயர், ஒல்லியாக ஒரு காயில். ஓரத்தில் சோப்புக்கட்டி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு பசை போட்டு ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் பசை விட்டுப்போய், அதுதான் ஆடியிருக்கிறது. எந்த வயரும் அதற்குப் போகவில்லை. கனத்துக்காகவே வைத்தது.

அவர் அதைப் பிடுங்கித் தராசில் வைத்தார். அறுநூற்றுப் பன்னிரண்டு கிராம். மிச்சப் பெட்டியை வைத்தார். ஆயிரத்து ஐநூற்று இருபத்தெட்டு. கிங்ஸ்லி காட்டியதைவிடப் பன்னிரண்டு கிராம் குறைவு. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்க எடையைக் குறைத்து ஏமாற்றுகிறவனை மட்டுமே தேடித் திரிந்தவர். கூட்டி வைத்து ஏமாற்ற ஒருவன் இருப்பான் என்று அவர் நினைத்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. மணி இரண்டு. மறுநாள் காலை பத்துக்கு அவள் உட்கார வேண்டும்.

மேலகரத்தில் கிங்ஸ்லி வீட்டுக்கு நானும் பைக்கில் ஏறிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இவர் வாசலில் நின்று நடந்ததைச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தை மட்டும் வரவில்லை. கிங்ஸ்லி சட்டையை மாட்டிக்கொண்டு சாவியோடு வந்தான். கடையைத் திறந்து அதே பெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

"அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காதீங்க. அந்த லிஸ்ட்ட நான் போடல. எங் கடைக்கு வாறவங்களுக்கே கிருபாதாம் லிஸ்ட்டு போட்டுத் தாறா. அதுக்குக் குடுத்த தாளுதாம் அது. ரெண்டு வருசமா அவ வேண்டாம்னு சொன்ன சாமான நான் வாங்கி வைக்கதே இல்ல."

இவர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "எங்கிட்ட ஏன் அவ சொல்லல?" என்று கேட்டது கிங்ஸ்லியிடம். பதில் சொன்னது நான்.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

வீட்டுக்கு வந்தோம். பெட்டியை மேசை மேல் வைத்தார். கிருபா அதைப் பிரித்தாள். பூட்டவில்லை. தராசை இழுத்து, அவர் கண் முன்னால் எஸ்எம்பிஎஸ்ஸைத் தட்டில் வைத்தாள். ஆயிரத்து ஐநூற்று நாற்பது.

"பாத்துக்கிடுங்க. பெறகு சந்தேகம் வரக் கூடாது."

"உம் மேல எனக்கு என்னைக்குட்டி சந்தேகம் வந்திருக்கு?"

"நேத்து வந்துச்சு. கிங்ஸ்லி அண்ணன் கடைல வச்சு."

வழக்கம்போல ஏதாவது சாக்குச் சொல்வார் என்று பார்த்தேன். தராசின் எண்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா," என்றார். "வந்துச்சு. தப்புத்தாம்."

இருபத்து நான்கு வருடக் குடித்தனத்தில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை. கிருபா அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்து அவர் கையில் கொடுத்து, இங்கன பிடிங்கப்பா என்றாள்.

நாலரை மணிக்குக் கம்ப்யூட்டர் ஓடியது. திங்கட்கிழமை பத்து மணிக்கு அவள் வேலையில் உட்கார்ந்தாள். ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அந்த டார்ச் வெளிச்சத்தைத்தான். ஒவ்வொரு வயராக அவள் பூட்டி முடிக்கும்வரை அவர் கை ஆடாமல் பிடித்திருந்தார். இது என்ன, அது எதற்கு, சரியாகத்தான் மாட்டினாயா என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்காமல் நிற்க அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது கூடவே நின்ற எனக்குத்தான் தெரியும்.