ஒரே வாசல்

இடது உள்ளங்கையில் இலையை ஏந்திக்கொண்டு, சாம்பல் தொட்ட துணியால் காம்பிலிருந்து நுனிவரை ஒரே இழுப்பாகத் துடைக்கிறார் சென்னய்யா. பிறகு இலையைத் திருப்பி அடிப்பக்கம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவில் அறுந்த ஒற்றை இழையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கும் விரல்கள். பத்து வயதில் தறிக்குழியில் இறங்கியவர். அருப்புக்கோட்டையில் அந்த விரல்களுக்கு ஈடு கிடையாது.

நான்கு தண்டுக்கீரைச் செடிகள். பத்து நாளைக்கு முன்னால் பதினொன்று நின்றன.

யுத்தம் முடிந்தும் நூலுக்குச் சர்க்கார் கண்ட்ரோல் போகவில்லை. தறி பாதி நாள் சும்மா கிடக்கிறது. இரண்டு வருஷமாக மழையும் இல்லை. கீரைக்காரி இந்தத் தெருவை மறந்து மாதங்களாயின. ஆறு வயது மகள் சௌடம்மாள் பொழுது சாய்ந்தால் சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். மாலைக்கண். "தினம் கீரை குடுங்க. அசட்டையா விட்டா கண்ணே போயிரும்" என்றார் டாக்டர். அன்றே கொல்லையில் விதை தூவினார் சென்னய்யா.

கிணற்றடியில் வரிசையில் நின்றால் வீட்டுக்கு இரண்டு குடம். உச்சி வெயிலில் இலைகள் துவண்டன. பாவு இழை காய்ந்து அறாமல் கஞ்சியும் எண்ணெயும் பூசுகிற கை அல்லவா? இலைகளுக்கும் முன்னும் பின்னும் விளக்கெண்ணெய் பூசிவிட்டார். மறுநாள் ஓர் இலைகூடத் துவளவில்லை.

"தண்ணி ஓடுற வழிய அடச்சுட்டம்ல!" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

"மனுசத் தலைக்கே எண்ணெயில்ல. செடிக்கு எண்ணெக் குளியலாண்ணே? சீயக்கா எப்ப?" என்றாள் விறகு விற்க வந்த மாயக்காள்.

ஆனால் குருத்து விடவில்லை. அடியிலைகள் மஞ்சளாயின. ஒவ்வொன்றாக ஏழு செடிகள் செத்தன.

பள்ளிக்கூட வாத்தியார் தனுஷ்கோடி வந்து ஓர் இலையைத் தேய்த்து, விரலை முகர்ந்து பார்த்தார்.

"இது தாகத்துல சாகலைய்யா, பசியில சாகுது. இலையில கண்ணுக்குத் தெரியாத வாய் ஆயிரக்கணக்கா இருக்கு. அது வழியாத்தான் காத்துல இருக்கிற கரியமில வாயுவ இழுக்கும். வேரு குடுக்குற தண்ணியோட சேத்து, வெயில அடுப்பா வச்சுச் சமைக்கும். அதான் மாவாகி, தண்டாகி வளருது. தண்ணி ஆவியாப் போறதும் அதே வாய் வழிதான்."

"ரெண்டுக்கும் ஒரே வாசலா?"

"ஒரே வாசல்தான். நீரு சாத்திப்பிட்டீரு."

சென்னய்யா தம் விரல்களைப் பார்த்தார். "எம் பிள்ள சோத்துப்பானைய நானே மூடிட்டேனே" என்றார்.

அன்று முதல் எண்ணெயை எடுக்கும் இந்தத் துடைப்பு. துடைத்த இலை தண்ணீர் கேட்கும் என்பதும் அவருக்குத் தெரியும். மத்தியானம் அவர் பங்குக்குக் குடிக்க ஒரு செம்பு தண்ணீர் தருகிறாள் மனைவி வெங்கடலட்சுமி. அதைக் கொல்லைக்குக் கொண்டுவந்து நான்கு தூரிலும் சரிசமமாக ஊற்றுகிறார். அவர் உதடு வெடித்து ரத்தம் உறைந்திருக்கிறது.

வெங்கடலட்சுமி கதவருகே வந்து எட்டிப் பார்க்கிறாள். சென்னய்யா வெறுஞ்செம்பை அண்ணாந்து உயர்த்தி, தொண்டை ஏறி இறங்க இரண்டு மடக்கு விழுங்குகிறார்.