பேச்சு நின்றால் ஏணி

“…அதுக்கு எங்க நாத்தனா என்ன சொன்னா தெரியுமா? அந்தப் புடவைய நான் கண்ணாலகூடப் பாக்கலன்னு சாதிக்கறா. கட்டிக்கிட்டு நிக்கிறா, பாக்கலையாம்!”

பள்ளத்தின் விளிம்பிலிருந்து மூன்றடி தள்ளி, கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். வாய் நாத்தனாரை வறுத்தெடுக்கிறது. கண் மட்டும் எதிர்ப்பக்கத்து மண்சுவரை விட்டு அசையவில்லை. கீழே, ஆள் உயரத்தையும் தாண்டிய ஆழத்தில், அவள் கணவர் சாக்கடைக்கான சுட்டமண் குழாய்களைப் பதிக்கிறார். ஒன்றின் அகன்ற கழுத்துக்குள் அடுத்ததன் முனையைச் செருகி, சாய்வு சரியா என்று ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். பதில் பேசுவதில்லை. அவளும் கேட்பதில்லை.

வேலையிடத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். வேலை, குழாயைக் கயிறு கட்டி இறக்குவது. இறக்கும் முன், விரிசல் உண்டா என்று ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிக் காதை வைப்பாள். “கணீர்னு சொல்லணும். தொண்ட கட்டுனத எறக்கமாட்டேன்.” வெட்டிய மண்ணை யாராவது விளிம்போரம் கொட்டிவிட்டால் தொலைந்தார்கள். “தள்ளிக் கொட்டுய்யா! கீழ இருக்கறவரு என்ன வெதையா, மண்ணப் போட்டு மூட?”

ஏன் இந்த ஓயாத பேச்சு? குனிந்து வேலை செய்கிறவருக்குத் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்று தெரியாது. அவளைக் கேட்டால் ஒரே போடாகப் போடுவாள். “கத்துனா என்னன்னு நிமிந்து பாப்பாரு. மண்ணுக்கு அந்த நேரம் போதும். பேச்சு நின்னா கேள்வியே கெடையாது, ஏணிதான்.” ஒருநாளும் பொய்யாக நிறுத்தியதில்லை. தும்மல் வந்தால்கூட முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் தும்முவாள்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. சோறு பரிமாறும்போது, உப்பு எங்கே வைத்தோம் என்று ஒரு நொடி அவள் பேச்சு தடைப்பட்டால், மனிதர் தட்டோடு எழுந்து நிற்பார். “உக்காருங்க, கூரை ஒண்ணும் எறங்கல” என்பாள்.

இப்படிப்பட்டவள்தான் போன வாரம் மூன்று நாள் கணவரோடு பேச்சை அறுத்துக்கொண்டாள். மூத்த மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் பார்க்கப் போயிருந்த அன்று, சூப்பர்வைசர் அவசரப்படுத்தினார் என்று, மண் சரியாமலிருக்கப் பலகை அடைக்காத பள்ளத்தில் இவர் தனியாக இறங்கிவிட்டார். லாரிக்காரர் மூலம் விஷயம் காதுக்கு வந்தது.

“அரைமணி நேர வேலதானேன்னு எறங்குனேன்.”

“அரைமணி, ஒருமணியெல்லாம் மண்ணுக்குத் தெரியுமா?”

அதோடு சரி. தட்டு ணங்கென்று வந்து விழுந்தது, பேச்சு வரவில்லை. ஆனால் பள்ளத்தோரம் வாய் மூடினால் அர்த்தமே வேறாயிற்றே! என்ன செய்யப் போகிறாள் என்று எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். அவளா அசருவாள்? குழாயைத் தட்டி, குழாயிடமே ஆரம்பித்தாள். “ஏ குழாயே, கேளு. சில பேரு இருக்காங்க, பொண்டாட்டி அந்தப் பக்கம் போனதும் புத்தியும் அந்தப் பக்கம் போயிடும்.”

மூன்றாம் நாள், சுவரை அடைக்க நான்கு பலகை குறைந்தது. அவள் அதைக் கவனிப்பதற்குள் அவர் இறங்கிவிட்டார். இறங்காதீங்க என்று சொல்ல வைராக்கியம் விடவில்லை. பேச்சைச் சும்மா நிறுத்தி மேலே வரவழைக்கலாம். ஆனால் ஒருதரம் பொய்யாக நிறுத்தினால், மறுதரம் நிஜமாக நிறுத்தும்போது நிமிர்ந்து பார்ப்பாரே! குழாயிடமே தொடர்ந்தாள். “நாலு பலக கொறையுது குழாயே, யாருக்குக் கவல? பெரியவ வீட்லயும் இப்படித்தான். செவுத்துல ஒரு கடியாரம் இருக்கு, அது…”

தெருவில் தண்ணீர் லாரி ஒன்று அதிர்ந்து போயிற்று. பலகையில்லாத இடத்தில் மயிரிழையாய் ஒரு விரிசல்.

பேச்சு நின்றது. ஏணி கிரீச்சிட்டது. அவருடைய இரண்டாவது கால் மேட்டில் பட்டபோது, பின்னால் சுவர் பொதபொதவென்று சரிந்து, அவர் குனிந்திருந்த இடத்தை மார்பளவு மூடியது. அவள் கை வாளியின் விளிம்பை விடவே இல்லை.

ஒருமணி நேரத்தில் மண்ணை வாரி எடுத்துவிட்டார்கள். “எறங்குங்கண்ணே, இன்னும் நாலு குழாய்தான்” என்றார் சூப்பர்வைசர். கணவர் அவளைப் பார்த்தார். அவள் வாயைத் திறக்கவில்லை.

“என்னம்மா, ரேடியோ ரிப்பேரா?” என்றார் சூப்பர்வைசர்.

யாரும் சிரிக்கவில்லை. கணவர் ஏணியை மேலே இழுத்து அவள் காலடியில் போட்டார். “அவ பேசுனாத்தான் எறங்குவேன்.” சூப்பர்வைசர் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார்.

மதியத்துக்கு மேல் பலகைகள் வந்தன. மேலிருந்தே அடைத்து, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்தார்கள். அவள் ஒவ்வொரு பலகையாகக் கம்பால் குத்திப் பார்த்தாள். ஒரு முட்டு ஆடியது. இறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினாள், இறுக்கினார்கள். வாளியைச் சரியாகப் போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாளைக்குப் பிறகு முதன்முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள்.

“என்னங்க, கேட்டீங்களா? அந்தக் கடியாரம் இருக்கே, அது…”

அவர் ஏணியை எடுத்துப் பள்ளத்தில் சாய்த்தார்.