நின்ற இடத்தில் ஐந்து லிட்டர்

வீரசிங்கம் கார் ஓட்டும்போது காலில் சப்பாத்து போட மாட்டார். வெறுங்காலால் மிதித்தால்தான் பெட்ரோல் எவ்வளவு இறங்குகிறது என்று பாதத்துக்குத் தெரியுமாம். ஏதோ ஓட்டை வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அது டட்சன் 240இசட். நீண்ட மூக்கு, சரிந்த முதுகு, இரண்டே இருக்கை, ஆறு சிலிண்டர். அதில் வீரசிங்கம் ஃபெடரல் ஹைவேயில் நாற்பத்தைந்து மைல் வேகத்துக்கு மேல் போனதை நான் பார்த்ததில்லை. ஒருமுறை பின்னால் கீரைக்கூடை கட்டிய சின்னக் கப்சாய் மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களை முந்திப் போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு மானம் போயிற்று. வீரசிங்கம் அசையவில்லை.

நான் சபாபதி. சுங்கை வேயில் பட்டறை வைத்திருந்தேன். வீரசிங்கம் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தார், ரயில்வேயில் வரைபடக்காரர். வேலைக்கு நடந்தே போவார். நாடு திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துரையிடமிருந்து எழுபத்தெட்டில் அந்தக் காரை வாங்கினார். தன் வயதுக்கும் சம்பளத்துக்கும் பொருந்தாத ஒரே ஒரு காரியத்தை வாழ்க்கையில் செய்துவிட்டு, அதற்குப் பிராயச்சித்தம் போலப் பெட்ரோலை அளந்து அளந்து ஓட்டினார் என்று நினைக்கிறேன்.

காரை விற்ற துரை, ஒரு கேலனுக்கு இருபத்திரண்டு மைல் கொடுக்கும் என்று சொல்லியிருந்தார். வீரசிங்கத்துக்கு அது வேதவாக்கு. வண்டியில் மீட்டர் மைலைக் காட்டும். எண்பத்திரண்டில் பம்புகளெல்லாம் லிட்டருக்கு மாறியிருந்தன. நாங்களெல்லாம் குழம்பிப்போய் ‘நிரப்புப்பா’ என்று சொல்லிவிட்டுப் போவோம். அவர் மட்டும் ஒவ்வொரு லிட்டரையும் 4.546ஆல் வகுத்துக் கேலனாக்கி, சட்டைப்பையில் இருந்த சின்னக் குறிப்பேட்டில் எழுதுவார்.

அவர் வண்டி ஓடுவது ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். கிள்ளானில் அவருடைய அக்கா தங்கரத்தினம் வீடு. மனைவி பூமணியை ஏற்றிக்கொண்டு காலையில் போய், சாப்பிட்டுவிட்டு வருவார். போக வர நாற்பது மைல். மற்ற ஆறு நாளும் கார் வீட்டு வாசலில் மாமரத்தடியில் நிற்கும். அக்கா ஒரு பலாப்பழம் கொடுத்தால்கூட, “பாரம் ஏறினா எண்ணெய் கூடப் போகும்” என்று பாதியை அங்கேயே வெட்டி வைத்துவிட்டு வருவார். எங்கள் பேச்சில் பெட்ரோலும் எண்ணெய்தான்.

எண்பத்திரண்டு மார்ச்சில் அந்த இருபத்திரண்டு திடீரென்று பதின்மூன்றாக இறங்கியது.

“ஐசே சபாபதி, என்ன செய்து வச்சிருக்கிறீர்?” என்று குறிப்பேட்டோடு பட்டறையில் வந்து நின்றார். ‘ஐசே’ என்றுதான் அவர் ஆளைக் கூப்பிடுவது. “நாப்பது மைலுக்குப் பதின்மூணரை லிட்டர்! லோரிகூட இவ்வளவு குடிக்காது.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த இரட்டைக் கார்புரேட்டரை நான் காதை வைத்துக் கேட்டுக் கேட்டுச் சீர் செய்தவன். கோலாலம்பூரில் அந்த வேலையை அப்படிச் செய்ய நாலு பேர்கூடக் கிடையாது என்பது என் எண்ணம். அதில் எனக்குத் தலைக்கனம் உண்டு, ஒளிக்கவில்லை. ஆனாலும் மூன்று முறை பிரித்துப் பார்த்தேன். குறை ஒன்றும் இல்லை. மூன்று முறையும் பதின்மூன்றுதான்.

“அண்ணே, ஞாயித்துக்கிழமை நானும் வரேன்” என்றேன். “கெளம்பும்போது ஃபுல்லா ஊத்துங்க. திரும்பி வந்ததும் அதே பம்புல மறுபடி ஊத்துங்க. பாத்துடலாம்லா.”

அப்படியே செய்தோம். பாவம், எனக்காகப் பூமணி அக்கா அன்று வீட்டில் இருந்துவிட்டார். கிள்ளான் போய்த் திரும்பி வந்து ஊற்றினால் எட்டு லிட்டர் சொச்சம்தான் பிடித்தது. வகுத்தார். 21.9. பம்புக்காரன் முன்னால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்த ஞாயிறு காலை புறப்படும் முன் வழக்கம்போல் நிரப்பப் போனார். வாரம் முழுக்கக் கார் ஓர் அடி நகரவில்லை, மீட்டர் அதே எண்ணில் நிற்கிறது. ஐந்தே கால் லிட்டர் உள்ளே போயிற்று.

ஆக, வண்டி ஓடும்போது குடிக்கவில்லை. நிற்கும்போது குடிக்கிறது.

திருட்டு என்று முடிவு கட்டினார். டாங்கிக்குப் பூட்டு மூடி போட்டார். அடுத்த வாரமும் ஐந்து சொச்சம். ஒழுக்கு என்றார். வண்டிக்கு அடியில் அட்டைகளை விரித்து வைத்தார். ஒரு சொட்டுக் கறை இல்லை. கடைசியில் மனிதர் தளர்ந்துபோனார். அக்கா தங்கரத்தினம் வேறு ஞாயிறுதோறும், “எண்ணெய் குடிக்கிற பேயை வித்துத் தொலை, தம்பி” என்று ஓதிக்கொண்டிருந்தார். சிரம்பானிலிருந்து ஒருவர் சனிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார். “கணக்குக்கு வராத சாமானை வச்சிருக்கேலாது” என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தக் காரை அவர் எவ்வளவு நேசித்தார் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மத்தியானம், ஒழுக்கைக் கடைசியாக ஒருமுறை நானே பார்த்துவிடலாம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். தெருமுனையிலேயே காதில் விழுந்தது. என் எஞ்சின். நான் சீர் செய்த எஞ்சினின் சத்தத்தை என்னால் எங்கேயும் அடையாளம் சொல்ல முடியும். கார் மாமரத்தடியில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு நல்லம்மாள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். “என்னக்கா இது?” என்றேன்.

“அதுவா? வண்டியச் சூடு பண்றாங்க. தெனம் முக்கா மணி நேரம். அவருதான் சொல்லிட்டுப் போயிருப்பாரு” என்றார். “வாளியில எத்தன செம்புத் தண்ணி பிடிக்கும்னு எழுதி ஒட்டி வச்சிருக்கிற மனுஷன். இதையும் சொல்லாமலா இருப்பாரு?”

தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது! வீரசிங்கத்தின் வினோத ஒழுங்குகளில் இதுவும் ஒன்று என்று நினைத்து ஒருவரும் அவரிடம் வாயைத் திறக்கவில்லை.

கிட்டே போனேன். கண்ணாடிகள் ஏற்றியிருந்தன, ஏர்கண்டிஷன் ஓடியது. ஓட்டுநர் இருக்கையில் நர்ஸ் சீருடையோடு பூமணி அக்கா. ஸ்டியரிங்மேல் ஒரு புத்தகம். முன் கண்ணாடியைப் பார்த்துக் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். யாரோடோ பெரிய சண்டை போல இருந்தது, ஆனால் எதிரே மாமரம்தான் நின்றது. நான் கண்ணாடியைத் தட்டியதும் புத்தகம் காலடியில் விழுந்தது.

அது மலாய்ப் புத்தகம். சிஸ்டர், அதாவது தலைமை நர்ஸ், பதவி உயர்வுக்கு மலாய் வாய்மொழித் தேர்வில் தேற வேண்டும். பூமணி அக்கா இருபது வருடமாக வார்டில் பாசார் மலாய், அதாவது கடைத்தெரு மலாய், பேசுகிறவர். ‘லு சுடா மாக்கான் உபாட் கா?’, மருந்து சாப்பிட்டாயா என்று அவர் அதட்டினால் எந்த நோயாளியும் மறுபேச்சில்லாமல் மருந்தைக் குடித்துவிடுவான். தேர்வு மேசைக்கு அந்த மலாய் ஆகாது. அங்கே இலக்கணமாகப் பேச வேண்டும். அதிகாரி எதிரே உட்கார்ந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டுவிடும். இரண்டு முறை தோற்றிருந்தார்.

“வாய்விட்டுப் பேசிப் பழகணும், சபாபதி. குவார்ட்டர்ஸ் செவரு தெரியும்தானே, இங்க தும்மினா நாலாம் வீட்டுல கேக்கும்” என்றார். “ரெண்டாவது தடவை ஃபெயிலானப்ப கிள்ளான்ல மச்சாள் எல்லார் முன்னாலயும் சிரிச்சா. மூணாவது தடவை போறேன்னு யாருக்கும் சொல்லல.”

“அண்ணனுக்குமா?”

“அவருக்கும்தான்.” புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “எஞ்சினப் போட்டா குளிரா இருக்கும், சத்தமும் வெளிய கேக்காது. எண்ணெய் இவ்வளவு போகும்னு நான் கண்டேனா? விக்கப் போறாராமே. இன்னும் பதினோரு நாள்தான், சபாபதி. அடுத்த திங்களுக்கு மறு திங்கள் டெஸ்ட். அதுவரைக்கும் சொல்லிடாதீங்க.”

வாக்குக் கொடுத்துவிட்டேன். சுங்கை வே போய்ச் சேரும்வரை தலையைப் பிய்த்துக்கொண்டேன். கார் சனிக்கிழமை போய்விட்டால் பூமணி அக்காவின் பள்ளிக்கூடம் போயிற்று. உண்மையைச் சொன்னால் வாக்குப் போயிற்று. யோசித்துப் பார்த்ததில் போகக்கூடியது இன்னொன்றும் இருந்தது. என் பேர்.

வெள்ளிக்கிழமை சாயந்தரம் வீரசிங்கத்திடம் போய், “அண்ணே, தப்பு என் மேலதான். கார்புரேட்டர நான் சரியா வைக்கல” என்றேன். இன்னொருவன் அப்படிச் சொல்லியிருந்தால் நானே அவனை அடித்திருப்பேன். “இப்ப புதுசா செட் பண்ணித் தரேன். ஆனா அது படியணும். திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், மத்தியானம் முக்கா மணி நேரம் நின்ன எடத்துலயே ஓட விடணும். அக்கா ட்யூட்டி முடிஞ்சு வந்து பாத்துக்கட்டும். ஒரு வாரம் கழிச்சு விக்கிறதப் பத்திப் பேசுங்க.”

அவர் என்னை ஏமாற்றத்தோடு பார்த்தார். அந்தப் பார்வை சுட்டது. ஆனால் சிரம்பான்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அன்றே ஒரு தாளில், ‘பகல் 2.45 எஞ்சின் தொடங்கு. 3.30 நிறுத்து’ என்று எழுதி மனைவியிடம் கொடுத்தாராம். பூமணி அக்கா அதைச் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார் என்றால் நம்புவீர்களா? அந்த வாரம் அவர் புருஷனின் உத்தரவோடு மலாய் படித்தார்.

என் திட்டத்தில் ஒரு ஓட்டை. அளக்கிற மனிதரிடம் அளவைக் கொடுத்துவிட்டேன்.

தேர்வுக்கு முந்தின ஞாயிறு காலை, கிள்ளானுக்குப் போகாமல் வீரசிங்கம் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். குறிப்பேட்டை விரித்தார்.

“இந்த வாரம் தினம் முக்கால் மணித்தியாலம் நிண்டபடி ஓடினது. ஐஞ்சே கால் லிட்டர். ஓம்தானே?”

“ஆமாண்ணே.”

“போன வாரம் ஐஞ்சே கால். அதுக்கு முந்தின வாரமும் ஐஞ்சு சொச்சம்.” விரலை வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினார். “அப்ப எண்ணெய் களவு போகேல்லை. உம்மட வேலையிலும் பிழையில்லை. முந்தியும் ஆரோ முக்கால் மணித்தியாலம் ஓட விட்டிருக்கினம். சாவி ரெண்டுதான் இருக்கு.”

குறிப்பேட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

“பூமணி காருக்குள்ள இருந்து என்ன செய்யிறா, சபாபதி?”

“நாளைக்குக் காலைல அக்காவுக்குப் பி.ஜே.ல ஒரு வேலை இருக்கு. பஸ்ல போறதா இருக்காங்க. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க, அண்ணே.”

அவர் யோசித்தார். பி.ஜே., திங்கள், பூமணி இரண்டு முறை தேர்வுக்குப் போன அரசாங்க அலுவலகம் இருக்கிற ஊர். கணக்குப் போடத் தெரிந்தவருக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? “மலாய்” என்று மெல்லச் சொன்னார். பிறகு வாசலில் கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார்.

“கிள்ளானில அக்கா சிரிச்ச அண்டைக்கு நானும் சிரிச்சனான், ஐசே.”

தேநீர் கொண்டுவரச் சொன்னேன். அவர் குடிக்கவில்லை.

மறுநாள் நடந்ததைப் பூமணி அக்கா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். பஸ்ஸுக்குப் புறப்பட்டவர் வாசலில் பார்த்தால், வேலைக்குப் போயிருக்க வேண்டிய மனிதர் வெறுங்காலோடு காரில் இருக்கிறார். பதினெட்டு வருட உத்தியோகத்தில் அன்றுதான் காரணம் சொல்லாமல் லீவு போட்டிருக்கிறார். “ஏறு” என்றாராம். பி.ஜே. போய்ச் சேர்ந்தபோது தேர்வுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அக்கா கதவைத் திறக்கப் போனார்.

“இரு. வெளிய வெக்கை” என்றார் வீரசிங்கம். சிவப்பு விளக்கில்கூட எஞ்சினை நிறுத்துகிறவர், சாவியைத் தொடவில்லை. ஏர்கண்டிஷனைக் கூட்டினார். “அந்தப் புத்தகத்தைத் தா. நான் கேக்கிறன், நீ சொல்லு.”

அக்கா அழுதுவிட்டார். கொஞ்ச நேரம் இருவரும் ஒன்றும் படிக்கவில்லையாம். பிறகு அவர் கேட்க ஆரம்பித்தார். வீரசிங்கத்தின் மலாய், சொல்லக்கூடாது, என் ஆங்கிலம் மாதிரி. அவர் கேட்ட கேள்விகளையே அக்கா திருத்த வேண்டியிருந்தது. திருத்தித் திருத்தி நாக்கு இளகிவிட்டது. எழுபது நிமிடம் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடியது.

உள்ளே அதிகாரி முதலில் கேட்டது, “இங்கே எப்படி வந்தீர்கள்?” என்று. அக்கா காரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். ஆறு சிலிண்டர், இரண்டு இருக்கை, பலாப்பழம், கீரைக்கூடை மோட்டார் சைக்கிள் எல்லாம், இலக்கணச் சுத்தமான மலாயில். போதும் போதும் என்று அதிகாரி சிரித்துக்கொண்டே கையைக் காட்ட வேண்டியதாயிற்று. அக்கா தேறினார். அந்த வருடமே சிஸ்டர் ஆனார். செய்தி கேட்டுத் தங்கரத்தினம் முழுப் பலாப்பழம் ஒன்று கொடுத்தாராம். அதை வெட்டாமல் அப்படியே ஏற்றிக்கொண்டு வந்தார் வீரசிங்கம்.

கார் விற்கப்படவில்லை. அடுத்த முறை சர்வீசுக்கு வந்தபோது, ஓர் எண்ணைத் தேடுகிற சாக்கில் அந்தக் குறிப்பேட்டைப் புரட்டினேன். பக்கம் பக்கமாக அவருடைய பொடி எழுத்து. இருபத்திரண்டு வந்த நாட்களில்கூட வெறும் எண்தான், ஒரு சொல் பாராட்டு கிடையாது. அந்தத் திங்கட்கிழமையைத் தேடிப் பிடித்தேன்.

‘14 மைல். 4.9 லிட்டர். ஒரு கேலனுக்கு 13. மிகத் திருப்தி.’