போகிறவர் தோற்கவேண்டும்

1996 மாசி மாதம். மொன்றியலில் மல்யுத்தம் நடந்த அரங்கில் நான் துப்புரவு வேலை செய்தேன். அங்கே மோதிவந்த அமெரிக்க மல்லர் ஒருவருக்கு அன்று கடைசிப் போட்டி. நெற்றியெங்கும், இரத்தம் காட்டுவதற்காக அவரே கீறிக்கொண்ட பிளேடுத் தழும்புகள். பேசும்போதெல்லாம் அவற்றைத் தடவிக்கொண்டிருப்பார்.

"அண்ணை, ஆர் வெல்லுறதெண்டு எல்லாம் முதலே கதைச்சு வைக்கிறதுதானே? இவரின்ரை மகளும் பாக்க வந்திருக்கு. இண்டைக்கெண்டாலும் வெல்ல விடமாட்டினமோ எண்டு கேளுங்கோவன்," என்றான் என்னோடு வேலை செய்தவன். மல்லரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன்.

"நானும் கெஞ்சிப் பார்த்தேன். விலகுகிறவன், இருக்கப்போகிறவனிடம் தோற்றுவிட்டுத்தான் போகவேண்டும். அது எங்கள் தொழில் வழக்கம்," என்றார்.

போட்டியின் முடிவில், எதிராளி மேலே அழுத்த, மேடையில் மல்லாந்து கிடந்தார். நடுவர் மூன்றுவரை எண்ணத் தொடங்கினார்; அதற்குள் எழாவிட்டால் தோல்வி. "அப்பா, எழும்புங்கள்!" என்று முன்வரிசையில் மகள் அழுதாள். அவருக்கு ஒரு காயமுமில்லை, எழுந்திருக்கலாம். அவள் குரல் கேட்டதும் கண்களை இன்னும் இறுக மூடிக்கொண்டார்.