பத்து நிமிஷ ஊசி

ஊசி போடுகிறவளுக்கு நல்ல பெயர் கிடைத்ததாகச் சரித்திரமே இல்லை. திட்டு வாங்கியே வயிறு நிறைந்த சக நர்ஸ்மார்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? வேம்பார்ப் பக்கம் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை எனக்கு. இங்கே நான் கையெடுத்துக் கும்பிடும் மருந்து ஒன்று உண்டு: டிரானெக்சாமிக் ஆசிட். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்தும் பழைய மருந்துதான். பெயர்தான் வாயில் நுழையாது.

மூன்று வேளை

உப்பளத்தில் வேலை பார்க்கும் முத்துமாரிக்கு மாதவிலக்கு என்றாலே நடுக்கம். அவ்வளவு போக்கு. டாக்டரம்மா பரிசோதித்து, அந்த நாட்களில் மட்டும் போட இந்த மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஒரு வேளை போட்டால் போதாதா என்று என்னிடம் பேரம் பேசினாள். மூன்று வேளையும் விழுங்கியே ஆக வேண்டும் என்று நானும் விடவில்லை. அடுத்த மாதம் வந்தவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "இந்த மாசந்தான் சிஸ்டர், பின்னால கறை பட்டிருக்கான்னு யாரையும் பாக்கச் சொல்லாம வேலை பாத்தேன்."

மாமியார் மரியாதை

கீழவைப்பார் செல்விக்குப் பிரசவம் சுகமாகத்தான் ஆனது. பிள்ளை அழுத கொஞ்ச நேரத்தில் ரத்தம் கொட்ட ஆரம்பித்துவிட்டது. கர்ப்பப்பை சுருங்கட்டும் என்று டாக்டரம்மா வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தார், 108-க்கும் சொல்லியாகிவிட்டது. இந்த மருந்தை நரம்பில் ஏற்றுவது என் வேலை. வேகமாக ஏற்றினால் பிரஷர் விழுந்துவிடும். பத்து நிமிஷம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தள்ள வேண்டும். செல்வியின் உதடு வெளுத்துக்கொண்டே போகிறது, என் கையோ ஆமையாக நகர்கிறது. எனக்கே பயம்தான்.

வாசலில் நின்ற மாமியார் பேச்சியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. அதுவரை இருந்த 'சிஸ்டரம்மா' பறந்துபோயிற்று. "ஏளா, அங்கன உசுரு போய்க்கிட்டு கெடக்கு, நீ என்ன புள்ளி வச்சுக் கோலம் போடுத?"

தடுப்பூசி நாள்

108-ல் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே செல்விக்குப் போக்கு குறைந்தது. அங்கே ரத்தம் ஏற்றினார்கள், பிழைத்தாள். மருந்து மட்டுமே காப்பாற்றியது என்று சொன்னால் டாக்டரம்மாவின் கைவலிக்குத் துரோகம். ஆனாலும் அந்த மருந்துக்கு நான் மனதார நன்றி சொன்னேன்.

ஒன்றரை மாதம் கழித்து, தடுப்பூசி போடப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு செல்வி நடந்தே வந்தாள். பின்னால் பேச்சியம்மாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் தொடையில் சட்டென்று குத்தி எடுத்தேன். பேச்சியம்மாள் முகம் மாறிவிட்டது. "என்ன சிஸ்டரம்மா, எம் மருமவளுக்குப் பத்து நிமிசம் போட்டிய, பேத்திக்கு இப்படி அவசரமா குத்திட்டிய? நாங்க சாயங்காலம் வரைக்கும் இருப்போம்லா."

மெதுவாகப் போட்டாலும் ஏச்சு, வேகமாகப் போட்டாலும் ஏச்சு. ஏச மாமியாரும், பக்கத்தில் நின்று சிரிக்க மருமகளும் சேர்ந்து வருவதானால், இந்த ஏச்சு எனக்கு ஆயுசுக்கும் கிடைக்கட்டும்.