சத்தமில்லாமல் ஆடிய சரீனா ராத்தா

சரீனா ராத்தா மௌத்தாகிவிட்டார்.

காலையில் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் மரண அறிவித்தல் சொன்னார்கள். மர்ஹூம் இன்னாருடைய மனைவி, இன்னாருடைய தாயார் என்று... இரண்டாம் தரம் சொன்னபோதுதான் அது ராத்தா என்று விளங்கியது.

கல்முனைப் பக்கம் அபாயா எடுத்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். வீட்டு முன் அறையில் கடை, கழுத்தில் அளவு நாடா... அவர்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கை மட்டும்தான். ஆனால் நான் போக முடியாது. இத்தாவில் இருக்கிறேன்.

தெரியாத நண்பர்களுக்கு: கணவரை இழந்தவள் குறித்த காலம் வரை வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்கள் கண்ணில் படக் கூடாது. இத்தாவில் இருக்கிறவளுக்கு ஃபேஸ்புக் எதற்கு என்று கேட்பீர்கள். கேளுங்கள். நான் வேறு எங்கே போய் அழ?

உம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"பின் வளவால போய் ராத்தாட முகத்த மட்டும் பாத்திட்டு ஓடி வாறன் உம்மா."

"வாசல் நிறைய ஆம்புளயள் நிக்காங்க மகள். சும்மா இரி."

"முகத்த மூடிட்டுப் போனா?"

"உன்ட நடையிலயே ஊருக்குத் தெரிஞ்சிரும். இரி எண்டா இரி."

இருக்கிறேன். வேறென்ன செய்ய...

ராத்தாவுக்குச் சீனி வருத்தம். டொக்டர் தினமும் நடக்கச் சொன்னார். "எங்க நடக்கிற? கடற்கரைக்குப் போனா, என்னகா தனிய வந்திரிக்காய் எண்டு கேக்கிறதுக்கே ஊர் கூடிரும்" என்று ராத்தா புலம்புவார்.

தோஹாவில் இருக்கும் மகன் லீவில் வந்தபோது டீவியில் பூட்டும் கேம் ஒன்று கொண்டுவந்தான். திரையில் ஓர் ஆள் ஆடும். நாம் கொன்ட்ரோலரைக் கையில் பிடித்துக்கொண்டு அதேபோல் ஆட வேண்டும், சரியாக ஆடினால் புள்ளி வரும்.

பேரப்பிள்ளை கண்ட மனிசிக்கு டான்ஸ் கேம்! யோசித்துப் பாருங்கள்...

தனியே ஆட வெட்கமாம், என்னைக் கூப்பிட்டார். கடையைப் பூட்டி, கர்ட்டனை இழுத்துவிட்டு, உள் அறையில் அலுமாரிக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாங்கள் இரண்டு பேர். கையை நீட்டினால் அலுமாரியில் இடிக்கும்.

ஒழுங்கை முனையில் பள்ளி. அதனால் டீவி சவுண்ட் எப்போதும் சைபரில்தான். "பாட்டுக் கேட்டாத்தான்கா டான்ஸ். கேக்காட்டி எக்சசைஸ்." இது ராத்தாவின் பத்வா.

அந்தக் கேமில் ஆடுகிறவர்களுக்குக் கண், மூக்கு ஒன்றும் இருக்காது. அதைக் காட்டி, "பாரு, முகமும் இல்ல. ஒரு குத்தமும் சொல்லேலா" என்றார்.

பாட்டுத் தெரிவு செய்வதுதான் பெரிய வேலை. அத்தனை பாட்டு, எல்லாம் இங்கிலீஷும் கொரியனும்... ஒன்றையும் நாங்கள் காதால் கேட்டதில்லை. ஆடுகிறவரின் உடுப்பு நிறம்தான் பாட்டுக்குப் பேர். மஞ்சள் பாட்டு, ஊதாப் பாட்டு, இரண்டு பேர் வருகிற பச்சை.

எல்லா அபாயாவையும் பிரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களை ராத்தா நாளெல்லாம் ஏசுவார். டீவிக்கு முன்னால் வந்தால் அவரும் அதே கேஸ்தான்.

ஆட்டம் முடிய, திரையில் பெரிய எழுத்தில் 'சரீனா' என்று இங்கிலீஷில் வரும். கடை போர்டில் மகன் பேர்தான் இருந்தது.

எங்களுக்கு மிகவும் பிடித்தது சிவப்பு. வேகமான பாட்டு, மூச்சு வாங்கும்.

ஒருநாள் ரிமோட்டின் மேல் ராத்தா உட்கார்ந்துவிட்டார். சவுண்ட் உச்சத்துக்கு ஏறி... ரிமோட்டைத் தேடிப் பிடித்துக் குறைப்பதற்குள் ஒழுங்கை முழுக்கக் கேட்டுவிட்டது.

"என்ன ராத்தா சத்தம்?" வெளியே என் கணவர்.

"சோப்பு விளம்பரம் தம்பி!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ராத்தா சிரிக்கவில்லை. நாங்கள் குத்துப்பாட்டு என்று நினைத்து ஆடிய சிவப்பில், ஒருத்தி தொண்டை அடைக்க அழுகிற மாதிரி அல்லவா பாடினாள்.

"இவள் அழுதுக்கிட்டா ஆடினாள்? நமக்குத் தெரியல்லியே புள்ள..." என்றார். அதற்குப் பிறகு நாங்கள் சிவப்பை எடுக்கவில்லை.

என் இத்தா தொடங்கிய பிறகு, பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவர் என்னிடம் வருவார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "கால் கட்டிப்போகும்கா, தூக்கு. ஊதா!" என்பார். டீவி இல்லை, ஒன்றும் இல்லை. இருந்த இடத்திலேயே ஊதாப் பாட்டின் அடிகளைக் காலால் மட்டும் போடுவோம். யாராவது வந்தால் நிறுத்திவிடுவோம்.

இந்த அறையில் எனக்கு மூச்சு முட்டுகிறது. கணவரை நினைத்து அழுகிறேனா, அடைபட்டுக் கிடப்பதை நினைத்து அழுகிறேனா என்றே சில நாள் தெரிவதில்லை. அதை ராத்தாவிடம் மட்டும்தான் சொன்னேன்.

"ரெண்டுக்கும் சேத்து அழு. என்ட இத்தாவில நானும் அப்பிடித்தான் இரிந்தன்" என்றார்.

போன கிழமை வந்தபோது ஒரு செய்தி கொண்டுவந்தார். "புள்ளி சேந்து புதுப் பாட்டொண்டு தொறந்திரிக்கி. நான் ஆடல்ல, வெச்சிரிக்கன். இத்தா முடிஞ்சி வா, சேந்து ஆடுவம்."

"என்ன நிறம் ராத்தா?"

"வந்து பாரன்."

இன்று லுஹர் தொழுகைக்கு முன் ராத்தாவைச் சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். அடக்குவதற்கு எங்கள் வாசலால்தான் மையவாடிக்குப் போக வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

கலிமா சத்தம் வந்தது... கிட்ட வந்தது... போய்விட்டது. பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம்.

ராத்தா... அல்லாஹ் நீங்கள் அடங்கியிருக்கும் கப்றை விசாலமாக்கித் தரட்டும். இரண்டு கையையும் நீட்டினாலும் அலுமாரியில் இடிக்காத அளவுக்கு.